உடும்பை வைத்துக்கொள்வதா, வேண்டாமா

"எதிரணியின் கோட்டையைத் தகர்க்கும் புயல். கூடையைக் கண்டால் கை சும்மா இராத தாக்குதல் வீராங்கனை. நெடிய உருவம், மின்னல் வேகம், மலைக்க வைக்கும் புள்ளிக் குவிப்பு."

பேட்டரித் தொழிற்சாலையின் பெண்கள் கூடைப்பந்து அணி வெளியிடும் ஆண்டு மலரில், நான்காம் எண் சட்டைக்காரியைப் பற்றி இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் அவளுடைய படம். படம் மட்டும் சரி.

நெடிய உருவத்தை எடுத்துக்கொள்வோம். அணியினர் வரிசையாக நின்றால் அவள் நிற்கும் இடத்தில் ஒரு பல் விழுந்தாற்போல் இருக்கும். மின்னல் வேகம் என்பதும் யாரோ வேறு மின்னலைப் பார்த்துவிட்டு எழுதியது. புள்ளிக் குவிப்போ, போன பருவம் முழுவதும் அவள் போட்ட கூடைகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்; கால்விரல்களைத் துணைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. உண்மையில் அந்தப் புகழுரை அதே எண் சட்டையை முன்பு போட்டிருந்தவளுக்கு எழுதப்பட்டது. அவள் கல்யாணமாகி வேறெங்கோ போய்விட்டாள். படத்தை மாற்றினார்கள், புகழை மாற்றவில்லை. அதற்குப்பின் ஒவ்வொரு மலரிலும் அது அப்படியே வந்துகொண்டிருக்கிறது. எழுத்துப்பிழை இல்லாததால் யாரும் திருத்தவில்லை போலும்.

ஆளை எல்லாரும் அறிந்தது உடும்பு என்ற பெயரில். அதை வைத்தது சொந்த அணி அல்ல, எதிரணி. துறைமுக அணியில் ஒரு நெட்டைச்சி உண்டு. கையை உயர்த்தினாலே பாதிக் கூடை அவளுடையது. ஒரு போட்டியில் அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், இவ மனுஷியா உடும்பா? கைய எடுக்கச் சொல்லுங்க சார்!"

நடுவர் குனிந்து பார்த்தார். கை படவே இல்லை. விரற்கடை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியைக் கூட்டாமல் குறைக்காமல் ஆட்டம் முழுவதும் காப்பதுதான் அவள் தொழில். எதிராளி வலப்பக்கம் போக நினைத்தால் வலப்பக்கத்தில் இவள் முன்னதாகவே நிற்பாள். இடப்பக்கம் திரும்பினால் அங்கேயும் இவள்தான். தன் வீட்டுக்குள் நுழைந்தவள் தன் நாற்காலியில் யாரோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகம் எப்படிப் போகும்? அந்த முகத்தோடு பல நட்சத்திரங்கள் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இதற்கு ஊர் சொன்ன காரணம் வேறு. நெட்டைச்சிக்கு அன்று முழங்கால் வலி. மின்வாரிய அணியின் தலைவிக்கு வயிறு சரியில்லை. கல்லூரி அணியின் பெரிய நம்பிக்கைக்கு மனக்கவலை. நான்காம் எண் சட்டையைக் கண்ட அன்று மட்டும் இத்தனை பேருக்கு நோய் காண்கிறது. மறுநாள் எல்லாருக்கும் குணமாகிவிடுகிறது. மருத்துவ உலகம் ஆராய வேண்டிய விஷயம். யாரும் ஆராயவில்லை.

ஒப்பந்தம் ஆண்டுக்கு ஒருமுறை. விளையாட்டு ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்கள் காலையில் தொழிற்சாலையில் வேலை பார்ப்பார்கள், மதியத்துக்கு மேல் ஆட்டம். உடும்புக்குப் பேக்கிங் பிரிவு. பேட்டரியின் மூடி இறுகியிருக்கிறதா என்று கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, பெட்டிக்குள் இறக்கி, டேப் ஒட்டி, நைலான் பட்டை கட்டித் தள்ள வேண்டும். கையுறை போட்டும் விரல் நுனியில் அமில வாடை போகாது. அங்கிருந்து வந்து லாரிகள் நிற்கும் முற்றத்தின் பின்னால், தகரக் கூரைக்கடியில் இருக்கும் சிமெண்டு ஆடுகளத்தில் காலணி மாட்டிக்கொள்வாள். ஒப்பந்தம் புதுப்பிக்காவிட்டால் வேலை போகாது. ஆட்டம் போய்விடும். மதியத்துக்கு மேலும் பட்டை கட்ட வேண்டியதுதான். முப்பது வயதைத் தாண்டியவளை, அதுவும் புள்ளி போடாதவளை, வேறெந்த அணியும் கூப்பிடப் போவதில்லை. இது அவளுக்குத் தெரியும், வீட்டுக்கும் தெரியும், கோச்சுக்கும் தெரியும்.

தெரியாதவர் மாப்பிள்ளை. அவர்தான் முடிவு செய்கிறவர்.

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் மருமகன். வாசல் காவலாளி முதல் கணக்குப் பிரிவு வரை எல்லாருக்கும் அவர் முன்னால் 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாப்பிள்ளை'. விளையாட்டுக் குழுத் தலைவராக அவருக்கு இரண்டு தகுதிகள். இளம் வயதில் ஷட்டில் ஆடியிருக்கிறார். பிறகு முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டார். இதில் இரண்டாவதுதான் முதலாவது.

பருவம் முடிந்ததும் அவர் கோச்சை அறைக்குக் கூப்பிட்டார்.

"நாலாம் நம்பர் என்ன பண்ணுது?"

"டிஃபென்ஸ் சார்."

"அது சரி. என்ன பண்ணுது? மேட்ச்சுக்கு ரெண்டு பாயிண்ட். ரெண்டு பாயிண்ட்டுக்கு ஒரு ஆளா?"

"சார், அவ எடுக்கறது ரெண்டுதான். எதிராளியை எடுக்க விடாம பண்றது இருபது."

"எங்க அந்த இருபது? காட்டுங்க."

கோச் இரண்டு கைகளையும் விரித்தார். நடக்காததை எப்படிக் காட்டுவது? விபத்தில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கு எவன் மாலை போடுகிறான்? பிரேக் பிடிக்காமல் போன அன்றுதான் பிரேக் என்று ஒன்று இருந்ததே நினைவுக்கு வரும். இதையெல்லாம் கோச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவருடைய ஒப்பந்தமும் ஆண்டுக்கு ஒன்றுதான்.

மாப்பிள்ளை கைபேசியை எடுத்து ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினார். வெளியூர்க் கல்லூரிப் பெண் ஒருத்தி பாதி மைதானத்திலிருந்து பந்தை எறிகிறாள், வளையத்தைத் தொடாமல் கூடைக்குள் விழுகிறது. லட்சக்கணக்கானோர் பார்த்து ரசித்த எறி. எத்தனை முறை எறிந்த பிறகு அந்த எறி விழுந்தது என்பது காட்சியில் இல்லை.

"இது வேணும். நாலாம் நம்பருக்குப் பதிலா இது."

அணியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருத்தியை எடுப்பதற்கு முன்பு அவளை நம் பெண்களுக்கு எதிராக ஒரு பயிற்சி ஆட்டம் ஆடவிட்டுக் குழு பார்க்கும். கோச் இந்த ஆட்டத்தை நம்பினார். நல்லவர், நல்லவர்களுக்கு வரும் சிக்கலான யோசனைகள் அவருக்கும் வரும். உடும்பை வேறு யாருக்காவது காவல் வைத்துவிடுவது. புதியவள் தடையில்லாமல் கூடைகளாகப் போட்டுத் தள்ளுவாள். மாப்பிள்ளை மனம் குளிர்வார். குளிர்ந்த கையோடு, "அந்த உடும்பும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே சார்" என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவது. யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைக் கெடுத்தது அவர் வாய்.

ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு ஆட்டத்திலும், முதல் விசில் அடித்ததும் எதிரணியில் யார் வலுவானவளோ அவள் எண்ணைக் கோச் கத்துவார். உடும்பு அந்த எண்ணிடம் போய் நிற்பாள். இருவருக்குள்ளும் இருந்த பேச்சே பெரும்பாலும் அவ்வளவுதான். அன்றைக்கும் மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், விசில் அடித்தது, புதியவள் பந்தைத் தட்டிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். அவள் வைத்த அழகைப் பார்த்துக் கோச்சின் வாய் தானாகவே திறந்துகொண்டது.

"உடும்பு! பதினொண்ணு!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? அவள் போய்விட்டாள்.

புதியவள் முதலில் சிரித்தாள். இவ்வளவு குட்டையாக ஒருத்தியா என்று. பந்தோடு வலப்பக்கம் பாய்ந்தாள். வழியில் உடும்பு. நின்று, சுழன்று, இடப்பக்கம். அங்கும் உடும்பு. பின்னால் போய் அந்தப் புகழ்பெற்ற எறியை எறியக் கையைத் தூக்கினாள். கண்ணுக்கும் கூடைக்கும் நடுவில் அமில வாடையோடு ஓர் உள்ளங்கை. பந்து பலகையின் ஓரத்தில் பட்டு லாரி நிற்கும் பக்கம் உருண்டது. அடுத்தமுறையும் அப்படியே. அதற்கடுத்தமுறை அவளுக்குப் பந்தே வரவில்லை. வரும் வழியில் உடும்பு நின்றிருந்தாள்.

"எவ்ளோ நேரம்க்கா இப்படியே ஒட்டிக்கிட்டு இருப்பீங்க?" என்றாள் புதியவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "வீட்டுல தேட மாட்டாங்களா?"

"சொல்லிட்டுதான்மா வந்திருக்கேன்."

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்ல. இது ஒண்ணுதான்."

நாற்காலியில் மாப்பிள்ளை நெளிந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "தரை வழுக்குதோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தயவில் இருந்தவர். "ஆமா சார், அதையேதான் நானும் பாக்கறேன்" என்றார்.

முதல் பாதி முடிந்தபோது புதியவள் எடுத்திருந்தது இரண்டு புள்ளி. இரண்டும் ஃபவுலுக்குக் கிடைத்த எறிகள். அந்த ஃபவுலும் வேறொருத்தி செய்தது.

இடைவேளையில் கோச் உடும்பைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"கொஞ்சம் விட்டுப்பிடிம்மா."

"எதை சார்?"

"அந்தப் பொண்ணை. மாப்பிள்ளை பாக்கறார்ல. போடட்டும், ஒரு அஞ்சாறு கூடை போட்டுட்டுப் போகட்டும்."

"நீங்கதானே சார் பதினொண்ணுன்னீங்க?"

"வாய் தவறிச் சொல்லிட்டேன்மா."

"ஆறு வருஷமா வாய் தவறித்தான் சொல்லிட்டிருந்தீங்களா?"

கோச் தலையைச் சொறிந்தார். "கோவப்படாத. நல்லா கேட்டுக்கோ. அவ போட்டா அவரு குஷியாயிடுவாரு. அவளை எடுத்துக்குவாரு. அந்த குஷியிலேயே உன் பேப்பரையும் நீட்டிக் கையெழுத்து வாங்கிடறேன். பெஞ்சுல உக்காந்தாலும் பரவால்ல, இன்னும் ஒரு வருஷம் ஆட்டத்துல இருப்ப. அவ இப்படியே மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நின்னா, அவருக்குக் கோவம் யாரு மேல வரும்? என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

"நான் நல்லா ஆடினா எனக்குப் பேப்பர் கிடையாது. ஆடலேன்னா உண்டு. அதானே சார்?"

"நீ ஒரு மாதிரி கேக்கறப்ப அது ஒரு மாதிரி இருக்கு" என்றார் கோச்.

ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தடுப்பது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வேலை. அந்த வேலையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வேலையைச் செய்யாமல் இருக்க வேண்டும். காவலாளியைக் கூப்பிட்டு, 'இன்றைக்கு ஒருநாள் திருடனை உள்ளே விடு, உன்னை நிரந்தரமாக்குகிறேன்' என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதில் திருடனுக்காவது தனக்காக யாரோ கதவைத் திறந்துவிட்டது தெரியும். இங்கே புதியவளுக்கு அதுகூடத் தெரியாது. தன் கைத்திறன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக ஊருக்குப் போவாள். இத்தனைக்கும் கோச் சொன்னது தவறான யோசனையும் அல்ல. உடும்பின் பக்கம் பேச அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஒரே வாய் அதுதான். அதுவும் இப்படித்தான் பேசியது.

உடும்பு உட்கார்ந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தாள். மறுபடி கட்டினாள். கட்டு சரியாகத்தான் இருந்தது. "சரி சார்" என்றாள். அது எதற்கான சரி என்று கோச் கேட்கவில்லை. விசில் அடித்துவிட்டது.

முடிவு சில நாள் கழித்து அறிவிப்புப் பலகைக்கு வந்தது. பதினொன்றாம் எண்ணாக ஆடிய பெண்ணுக்கு ஒப்பந்தம். அன்றைக்கு அவளுக்கு நாள் சரியில்லை, தரையும் வழுக்கல், ஆயினும் அவள் திறமை ஐயத்துக்கு இடமற்றது. நான்காம் எண்ணின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. எதிர்பார்த்த பங்களிப்பு இல்லை. பயிற்சி ஆட்டத்திலும் இரண்டே புள்ளி.

ஒரே ஆட்டம். அதே நாற்காலி. அதே இரண்டு கண்கள். ஒருத்தி எடுத்த சொற்பப் புள்ளி அவளுடைய கெட்ட நேரம். இன்னொருத்தி எடுத்த சொற்பப் புள்ளி அவளுடைய தகுதி. ஒருத்தியின் கெட்ட நேரத்துக்கு இன்னொருத்திதான் காரணம் என்று பார்ப்பதற்கு ஷட்டில் கூட ஆடியிருக்க வேண்டாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி உண்டு. பாவம், அந்தப் பெண் நன்றாகவே ஆடக்கூடியவள், கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சார்பில் மாப்பிள்ளையே சொல்லி, கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூடத்தை நிமிர்த்தவும் உத்தரவு போட்டார். உடும்பு ஆறு ஆண்டுகள் வழுக்காமல் நின்ற தரையைக் கொத்திப் போட்டுப் புதிதாகப் பூசினார்கள்.

வீட்டில் முதலில் வெடித்தது நாத்தனார். புருஷனின் தங்கை; அழகு நிலையத்தில் வேலை. புருவம் எடுக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் இருக்க வேண்டிய தொழில். ஆகவே வீட்டுக்கு வந்ததும் பாக்கியைப் பேசித் தீர்ப்பாள்.

"பங்களிப்பு இல்லையாமா? என்கிட்ட புருவம் எடுத்துக்க வர்றவ எடுத்த முடியவா எண்ணிப் பாக்கறா? இருக்கற புருவத்தைத்தானே கண்ணாடில பாக்கறா! அந்த ஆளை ஒரு நாள் என் நாற்காலில உக்கார வைங்க அண்ணி, ஒரு பக்கப் புருவத்தை மட்டும் எடுத்து அனுப்பறேன்."

புருஷன் தையற்காரர். முன் அறைதான் கடை. உடும்பின் காலுறையில் எப்போதும் நாலு நிறத்தில் நூல் ஒட்டியிருப்பது அதனால்தான். மிஷினை நிறுத்திவிட்டு அவர் தொண்டையைச் செருமினார். "ஒரு சட்டைல உள்தையல்னு ஒண்ணு இருக்கு. அது வெளிய..."

"அண்ணா, நீ உன் உள்தையலை ஆரம்பிக்காத. எனக்கு இருக்கற கோவத்துல."

"சரி, ஆரம்பிக்கல. ஆனா ஒண்ணு. அடுத்த வருஷம் அவங்க டீம் டிரஸ்ஸை நான் தைக்க மாட்டேன்."

"எப்ப நீ தைச்ச? ரெடிமேடுதானே வாங்கறாங்க?"

"கேட்டாலும் தைக்க மாட்டேன்னு சொல்றேன்."

உடும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனாருக்கு வரவில்லை. அவள் அண்ணியின் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணி. கோச் வந்து விடச் சொன்னாராமே?"

"சொன்னாரு."

"விட்டா பேப்பர் உண்டுன்னாரா?"

"உண்டுன்னாரு."

"அப்ப விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? அஞ்சு கூடை! யாரு வீட்டுக் கூடை அது? ஊரே ஏமாத்துது, நீங்க ஒருநாள் ஏமாத்தினா என்ன? இப்ப பாருங்க, ஆட்டமும் போச்சு."

"விடலாம்னுதான் நினைச்சேன்" என்றாள் உடும்பு. "சத்தியமா நினைச்சேன்."

"அப்புறம்?"

"அவ பந்தோட வந்தா. நின்னுட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஊசியில் நூல் கோக்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஷின் ஊசியில் ஏற்கெனவே நூல் இருந்தது.

"எனக்கு வயிறு எரியுது அண்ணி."

"எனக்கும் எரியுது" என்றாள் உடும்பு. அவள் குரல் உயர்ந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். "எனக்கு எரியாதுன்னு நினைச்சியா? அவரு என்னைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தாரு. முழு ஆட்டமும். எதைப் பாத்தாரு அவரு?"

அது மாப்பிள்ளைக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

தொழிற்சாலையில் இப்போது அந்த ஆட்டத்தைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. இரைச்சலில் தான் சொன்னது அவள் காதில் விழவில்லை என்கிறார் கோச். அப்படிச் சொல்வது அவருக்கு வசதி. திமிர் என்கிறார்கள் அணியில் சிலர். அடுத்த பருவம் நெட்டைச்சியின் எதிரில் நிற்கப் போகிறவர்கள் இவர்கள்தான். பிழைக்கத் தெரியாதவள் என்கிறது பேக்கிங் பிரிவு, பரிவோடு. குழுவின் கருத்து, குறிப்பாக ஒன்றும் நடக்கவில்லை என்பது.

நடந்தது இது. இரண்டாவது பாதியில் புதியவள் பந்தோடு வந்த ஒவ்வொரு முறையும் உடும்பு அவள் முன்னால் நின்றாள். கடைசி விசில் வரைக்கும் அவளை ஒரு கூடைகூடப் போட விடவில்லை.